சோறு, எண்ணெய், உப்பு, நடை: வீட்டுச் சாப்பாட்டை வச்சே உடம்பைப் பாத்துக்கறது பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

திருச்சியில எங்க காலனி கிரவுண்ட்ல பத்துப் பன்னெண்டு பேர் தினமும் காலையில அஞ்சே முக்காலுக்கு நடக்குறோம், ஆறு வருஷமாச்சு. நடக்கும்போது பேசுறது முக்காவாசி சாப்பாட்டைப் பத்திதான். நான் டாக்டர் இல்ல, டயட்டீஷியனும் இல்ல. 38 வயசுல எனக்கு சுகர் பார்டர்ல இருக்குன்னு சொன்னாங்க, ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகரைக் காட்டுற ரத்த டெஸ்ட்) 6.1. அன்னிலேர்ந்து ஒரு கிச்சன் தராசு வாங்கி வச்சுக்கிட்டு எங்க வீட்டு அடுப்படியை அளந்து அளந்து கத்துக்கிட்டதுதான் இதெல்லாம். இப்ப 44 வயசு, 5.6ல நிக்குது. 2023ல வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) ஆய்வுப்படி நம்ம நாட்டுல சுகர் இருக்கவங்க 10 கோடிக்கு மேல, என்னை மாதிரி பார்டர்ல இருக்கவங்க இன்னும் 13 கோடிக்கு மேல. அதனால இது எனக்கு மட்டும் வந்த கேள்வி இல்லன்னு தெரியும், எங்க குரூப்ல திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளை ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன்.

சோத்தை நிறுத்தினாதான் எடை குறையுமா?

நிறுத்த வேணாம். அடியோட நிறுத்தினவங்க யாரும் ரெண்டு மாசத்துக்கு மேல தாங்கி நான் பாத்ததில்ல, ஒருநாள் ரசம் தாளிக்கிற வாசனை வந்தா போதும் மொத்தமும் பழையபடி ஆயிடும். முதல்ல நம்ம எவ்ளோ சாப்பிடுறோம்னு கண்ணால பாக்கணும். தராசு வாங்கின அன்னிக்கு மத்தியானம் வழக்கமா எப்படி போட்டுக்குவேனோ அப்படியே போட்டு நிறுத்துப் பாத்தேன், சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவைன்னு மூணும் சேத்து சோறு 430 கிராம். வெந்த சோறு 100 கிராமுக்கு சுமார் 130 கலோரி, ஆக சோறு மட்டுமே 550 கலோரி தாண்டிடுச்சு. அதே தட்டுல இருந்த பீன்ஸ் பொரியலைத் தனியா எடுத்து நிறுத்தேன், 45 கிராம். சத்தியமா அதிர்ச்சியா இருந்துச்சு, ஏன்னா தினமும் காய் சாப்பிடுறோம்னுதான் நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

நம்ம பேசுறதுலயே இது இருக்கு பாருங்க. "தொட்டுக்க என்ன?"ன்னுதான் கேக்குறோம். காயும் பருப்பும் தொட்டுக்கற சாமான் ஆயிடுச்சு, சோறு மட்டும்தான் சாப்பாடு. எங்க வீட்டுல நான் செஞ்ச ஒரே பெரிய மாத்தம் இதுதான்: தொட்டுக்கறதை அள்ளிச் சாப்பிடுற அளவுக்கு வைக்கிறது. சோறு 200 கிராம், பொரியல் 150 கிராம், கூட்டோ கெட்டிப் பருப்போ ஒரு கிண்ணம். மெனு ஒண்ணும் மாறல, அதே சாம்பார் அதே ரசம்தான். ஹைதராபாத்ல இருக்க தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் போடுற கணக்கும் இப்படித்தான் போகுது, 2000 கலோரி சாப்பிடுற ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு தானியம் 250 கிராம், காய்கறி 400 கிராம், பருப்பு முட்டை கறி எல்லாம் சேத்து 85 கிராம்னு. 250 கிராம்ங்கறது சமைக்காத அளவு, அதுலயே இட்லி சப்பாத்தி எல்லாம் அடக்கம்.

இன்னொண்ணு, சாப்பிடுற வரிசை. காயும் பருப்பும் முதல்ல சாப்பிட்டுட்டு சோத்துக்கு வந்தா சாப்பிட்டப்புறம் சுகர் அவ்ளோ வேகமா ஏறாது. கல்யாண பந்தியில இலை போட்டதும் என்ன வைக்கிறாங்க? கூட்டு, பொரியல், பச்சடி. சோறு அப்புறம்தான் வரும். அந்த சோறு வர்ற வரைக்கும் சும்மா உக்காந்திருக்காம முன்னாடி வச்சதைச் சாப்பிட ஆரம்பிச்சிடுங்க, வீட்டுலயும் அதே மாதிரி.

வெள்ளை அரிசி, கைக்குத்தல், சிகப்பரிசி, சிறுதானியம், எது நல்லது? வடிச்ச சோத்துல சுகர் கம்மின்னு சொல்றாங்களே?

வடிச்சா கொஞ்சம் மாவுச்சத்து கஞ்சித்தண்ணியில போகும், கூடவே பி வைட்டமினும் போகும். ஆனா தட்டுல இருக்க மாவுச்சத்து பெருசா குறைஞ்சிடாது. வடிச்ச சோறுன்னு சொல்லி இன்னும் ரெண்டு கரண்டி போட்டுக்கிட்டா அவ்ளோதான்.

பச்சரிசியை விட புழுங்கல் அரிசி நல்லது, இதை நான் தைரியமா சொல்லுவேன். நெல்லை வேக வைக்கும்போது தவிட்டுல இருக்க பி1 வைட்டமின் உள்ள இறங்கிடுது, அப்புறம் தீட்டினாலும் கொஞ்சம் தங்கும். இதுல நம்ம ஊர் சம்பந்தம் ஒண்ணு இருக்கு. நல்லா தீட்டின அரிசியையே தின்னு பி1 பத்தாம வர்ற பெரிபெரி நோயை ஆராயுறதுக்காக 1918ல குன்னூர்ல ராபர்ட் மெக்காரிசன்னு ஒரு டாக்டர் சின்னதா ஒரு பிரிவு ஆரம்பிச்சார், அதுதான் வளந்து 1958ல ஹைதராபாத் போயி நான் மேல சொன்ன தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆச்சு.

சிறுதானியம் நல்லதுதான், நார்ச்சத்து கூட இருக்கு, கேழ்வரகுல 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல கால்சியம். ஆனா சாமை வரகு தினை எல்லாத்துலயும் மூணுல ரெண்டு பங்கு மாவுச்சத்துதான். 2023ஐ ஐநா சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சப்புறம் கடையில எங்க பாத்தாலும் மில்லட் நூடுல்ஸ், மில்லட் பிஸ்கட், அதெல்லாம் வாங்கி வீட்டை நிரப்பிக்காதீங்க. கேழ்வரகையே நைசா அரைச்சு கஞ்சியா காச்சி குடிச்சா சுகர் சட்டுனு ஏறும், களியாவோ முருங்கைக்கீரை போட்ட அடையாவோ சாப்பிட்டா மெதுவா ஏறும். சுகர் இருக்கவங்க கஞ்சியை ஆரோக்கியம்னு நெனச்சு ரெண்டு டம்ளர் குடிக்கிறதை தினமும் பாக்குறேன், அது மனசுக்கு கஷ்டமா இருக்கு.

காலையில இட்லி தோசைதான், அது தப்பா?

இட்லி நல்ல சாப்பாடு, எண்ணெய் இல்ல, புளிச்ச மாவு, வயித்துக்கு சுகம். ஆனா நாலுக்கு ஒண்ணுன்னு உளுந்து போடுற மாவுல அரிசிதான் அதிகம், அஞ்சு இட்லியும் ஓட்டமா ஒரு சட்னியும்னா பதினொரு மணிக்கெல்லாம் பசிக்கும். நான் இப்ப மூணுக்கு ஒண்ணு போடுறேன், இட்லி இன்னும் மெத்துனுதான் வருது. மூணு இட்லி, கூட சாம்பாரை கிண்ணத்துல ஊத்தி ஸ்பூன் போட்டு சாப்பிடுற மாதிரி கெட்டியா வைக்கிறேன், இல்லன்னா ஒரு அவிச்ச முட்டை.

தோசைய விட அடைக்குத்தான் என் ஓட்டு. அரிசி ஒரு பங்குன்னா கடலைப்பருப்பு, துவரம்பருப்பு, பாசிப்பருப்பு, உளுந்து நாலும் சேத்து ஒரு பங்கு. ரெண்டு மணி நேரம் ஊறினா போதும், புளிக்க வைக்கவும் வேணாம். காஞ்ச மிளகாய், சோம்பு, இஞ்சி வச்சு கொரகொரன்னு அரைச்சு, பொடியா நறுக்கின முட்டைக்கோஸும் முருங்கைக்கீரையும் அள்ளிப் போட்டு தடிமனா ஊத்தி, நடுவுல ஓட்டை போட்டு ஒரு ஸ்பூன் எண்ணெய், மூடி வச்சு வேக விடுங்க. ரெண்டு அடை சாப்பிட்டா மத்தியானம் வரைக்கும் கைய பிஸ்கட் டப்பா பக்கம் கொண்டு போக மாட்டீங்க.

புரோட்டீன் புரோட்டீன்னு எல்லாரும் சொல்றாங்க, சைவம் சாப்பிடுறவங்க என்ன பண்றது?

இந்தக் கேள்விக்கு கொஞ்சம் உக்காந்து பதில் சொல்லணும், ஏன்னா நம்ம வீடுகள்ல நெஜமாவே குறையுறது இதுதான். ஐசிஎம்ஆர் சொல்ற அளவு உடம்பு எடையில ஒரு கிலோவுக்கு 0.83 கிராம், 60 கிலோ இருந்தா நாளைக்கு 50 கிராம். நம்ம சாம்பார்ல பருப்பு இருக்கேன்னு தோணும். ஆனா நாலு பேருக்கு வைக்கிற சாம்பாருக்கு எவ்ளோ பருப்பு போடுறீங்கன்னு ஒரு நாள் நிறுத்துப் பாருங்க. எங்க வீட்டுல ஒரு கைப்பிடி, 50 கிராம் வந்துச்சு. துவரம்பருப்புல 100 கிராமுக்கு சுமார் 22 கிராம் புரோட்டீன், அப்ப 50 கிராம்ல 11, நாலு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு மூணு கிராம் கூட இல்ல. மீதி எல்லாம் புளித்தண்ணிதான்.

சைவத்துலயே 50 தாண்டுறது முடியும், நான் பல நாள் எழுதி வச்சுப் பாத்திருக்கேன். காலையில ரெண்டு அடை 12 கிராம் கிட்ட. மத்தியானம் ஆளுக்கு 30 கிராம் பருப்பு வர்ற மாதிரி கூட்டு, அது 6 இல்ல 7. சோத்துலயும் 5 கிராம் இருக்கு, அதையும் கணக்குல சேத்துக்கலாம். கெட்டித் தயிர் ஒரு கிண்ணம் 5. சாயங்காலம் 40 கிராம் கொண்டக்கடலைல சுண்டல் பண்ணினா 8. ரெண்டு காபில போற பால் 200 மில்லின்னா 6. ராத்திரி ரெண்டு சப்பாத்தி 6, தொட்டுக்க பாசிப்பருப்பு கடைசல் 6. கூட்டிப் பாத்தா 54, 55 வருது. மீல்மேக்கர் வாரத்துல ரெண்டு நாள் சேத்தா இன்னும் சுலபம், காஞ்ச உருண்டை 30 கிராம்லயே 15 கிராம் இருக்கு.

பருப்புல இருக்க புரோட்டீன் முழுமை இல்லன்னு சிலர் பயமுறுத்துவாங்க. பருப்புல குறையுறது அரிசியில இருக்கு, அரிசியில குறையுறது பருப்புல இருக்கு, ஒரே நாள்ல ரெண்டும் சாப்பிட்டா சரியாப் போச்சு. அசைவம் சாப்பிடுறவங்களுக்கு முட்டை ஒண்ணுல 6 கிராம், மத்தி அயிலை நெத்திலி மாதிரி விலை கம்மியான மீன்லயே நல்ல கொழுப்பும் இருக்கு. வஞ்சிரம் வாங்கி எண்ணெய்ல முக்கி எடுக்கறதை விட மத்தியைக் குழம்பு வைக்கிறது பர்சுக்கும் நல்லது இதயத்துக்கும் நல்லது. கிட்னி பிரச்சனை இருக்கவங்க மட்டும் டாக்டரைக் கேக்காம புரோட்டீனைக் கூட்டாதீங்க, இதைத் தயவுசெஞ்சு ஞாபகம் வச்சுக்கங்க.

கடலை சாப்பிட்டா கேஸ் ஆகுதே?

எட்டு மணி நேரமாவது ஊற வச்சு, அந்தத் தண்ணிய கொட்டிட்டு புதுத் தண்ணியில வேக வைங்க. கொண்டக்கடலை விரலால அழுத்தினா மாவா நசுங்கணும், முக்காவாசி வெந்ததுல நிறுத்துறதுதான் வயிறு உப்புறதுக்குப் பெரிய காரணம். தாளிப்புல பெருங்காயம், இஞ்சி. பழக்கமே இல்லாதவங்க முதல் வாரம் ரெண்டு ஸ்பூன்லேர்ந்து ஆரம்பிங்க. ராஜ்மாவை மட்டும் அரைவேக்காட்டுல சாப்பிடவே கூடாது, வாந்தி வயித்துப்போக்கு வரும், குக்கர்ல நல்லா வேக விடணும்.

ஜிம்ல புரோட்டீன் பவுடர் வாங்கச் சொல்றாங்க?

சாப்பாட்டுல கணக்கு வந்தா தேவையில்ல. என் தம்பி பையன் சேந்த ஒரு ஜிம்ல முதல் வாரத்துலயே அஞ்சாயிரத்துக்கு டப்பா வாங்க வச்சாங்க, அவன் காலையில சாப்பிடாமலே ஜிம் போய்ட்டு இருந்தான், அதை யாரும் கேக்கல. ரெண்டு முட்டை, ஒரு டம்ளர் பால், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, இது 20 கிராம் தாண்டும். அதுக்கப்புறமும் பத்தலன்னாதான் பவுடரைப் பத்தி யோசிக்கணும்.

சீனிக்கு பதிலா நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் போட்டுக்கலாமா?

ருசிக்குப் போட்டுக்கங்க, ஆரோக்கியத்துக்குன்னு போடாதீங்க. கருப்பட்டியில கொஞ்சம் தாதுச்சத்து இருக்கலாம், ஆனா முக்காவாசிக்கு மேல சர்க்கரைதான், சுகர் அதையும் விடாது.

இதுலயும் எண்ணிப் பாக்கறதுதான் உதவும். ஒரு ஸ்பூன் சீனி 5 கிராம்னு வைங்க. வீட்டுல ரெண்டு, ஆபீஸ்ல ரெண்டுன்னு நாலு டீ, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்பூன், மொத்தம் 40 கிராம். உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுன்னு சொல்லுது, ஒரு இனிப்பு கூட சாப்பிடாம டீலயே அதைத் தாண்டியாச்சு. நான் ஒரே நாள்ல நிறுத்தல, பத்து நாளைக்கு ஒருதடவை கால் ஸ்பூன் குறைச்சேன், மூணு மாசத்துல அரை ஸ்பூனுக்கு வந்துட்டேன், இப்ப கடையில போடுற டீயைக் குடிச்சா பாயசம் மாதிரி இருக்கு. ஜூஸும் அப்படித்தான், நாலு சாத்துக்குடிய பிழிஞ்சு சக்கையத் தூக்கிப் போட்டு சீனி போட்டுக் குடிக்கிறதுக்கு ஒரு சாத்துக்குடிய உரிச்சு சாப்பிட்டுடலாம்.

எந்த எண்ணெய் நல்லது?

எந்த எண்ணெய்னு எல்லாரும் கேக்குறாங்க, எவ்ளோன்னு யாரும் கேக்க மாட்டேங்குறாங்க. செக்கு எண்ணெயா இருந்தாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தோட அதே கணக்குல எண்ணெய் கொழுப்பு நாளைக்கு 27 கிராம். நாலு பேர் வீட்டுக்கு மாசம் மூணு லிட்டர்னா ஆளுக்கு நாளைக்கு 25 மில்லி வரும், அது சரியான அளவு. எங்க வீட்டுல அஞ்சரை லிட்டர் ஓடிட்டு இருந்துச்சு. நான் என்ன பண்ணினேன்னா ஒண்ணாம் தேதி மூணு லிட்டரை மட்டும் எடுத்து வச்சேன், அடுப்புக்குப் பக்கத்துல இருந்த தூக்கை எடுத்துட்டு ஒரு ஸ்பூன் போட்ட சின்ன கிண்ணத்தை வச்சேன். தூக்குல இருந்து ஊத்தினா கை எப்பவும் கூடத்தான் ஊத்தும். தாளிக்கிறதுக்கு ஒரு டீஸ்பூன் போதும், கடுகு வெடிக்க ஒரு பக்கமா சட்டியைச் சாய்ச்சு பிடிச்சா அந்த ஓரத்துல எண்ணெய் சேந்து கடுகு முழுகி நல்லா பொரியும். காயை முதல்ல ஆவியில முக்கா வேக்காடு வேக வச்சுட்டு தாளிப்புல போட்டுப் பெரட்டினா கத்திரிக்காய் கூட எண்ணெய் குடிக்காது.

கடலெண்ணெய், நல்லெண்ணெய் ரெண்டையும் மாத்தி மாத்தி வச்சுக்கறேன். தேங்காய் எண்ணெய்ல நிறைகொழுப்பு 90 சதவீதம் கிட்ட, அதனால கொலஸ்ட்ரால் இருக்கவங்க அவியலுக்கு மேல ஒரு ஸ்பூன் ஊத்துறதோட நிறுத்திக்கங்க. பஜ்ஜி சுட்ட எண்ணெய் கறுத்துப் போயி நுரை கட்டினா கீழ ஊத்த மனசு வராதுதான், ஆனா அதைத் திரும்ப காச்சாதீங்க. கடைக்காரங்களுக்கே 2018லேர்ந்து அதுக்கு சட்டமா வரம்பு இருக்கு. வீட்டுல முதல்லயே சின்ன இரும்புச்சட்டியில கொஞ்சமா எண்ணெய் வச்சு சுட்டா மிச்சமும் கம்மியாத்தான் இருக்கும்.

இந்துப்பு போட்டா பிபி ஏறாதா?

ஏறும். இந்துப்பும் சோடியம்தான், கல்லுப்பும் சோடியம்தான். கூடவே அயோடினும் இருக்காது, அதனால நான் அயோடின் உப்புதான் வாங்குறேன். அளவு நாளைக்கு ஆளுக்கு 5 கிராமுக்குள்ள, நாலு பேர் வீட்டுக்கு மாசம் 600 கிராம். ஒரு கிலோ பாக்கெட் மாசக் கடைசில காலியாகுதுன்னா என்னன்னு யோசிச்சுப் பாருங்க. அதுபோக ஊறுகாய், கருவாடு, மோர் மிளகாய், மிக்சர் இருக்கு. அப்பளத்துல உப்போட சேத்து அப்பளக்காரமும் இருக்கு, அதுலயும் சோடியம்.

குறைக்கிறதுக்கு வழி புளிப்பும் காரமும் வாசனையும். பொரியல் இறக்கினப்புறம் எலுமிச்சை பிழிஞ்சா, மிளகு சீரகம் வறுத்துப் பொடிச்சுத் தூவினா முக்கா உப்புலயே நாக்குக்கு நிறைவா இருக்கும். உப்பை கடைசியில போட்டா கம்மியாவே போதும், மேலாக ஒட்டி நிக்கிறதால நாக்குல முதல்ல அதுதான் படும். சோடியம் கம்மின்னு விக்கிற உப்புல பொட்டாசியம் கலந்திருக்கும், கிட்னி கோளாறு இருக்கவங்களுக்கும் சில பிபி மாத்திரை போடுறவங்களுக்கும் அது ஆபத்து, டாக்டரைக் கேக்காம தொடாதீங்க.

தினம் கீரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏற மாட்டேங்குது, ஏன்?

சாப்பிட்ட கையோட காபி குடிக்கிறீங்களான்னு பாருங்க. காபி டீல இருக்க டானின் கீரையில இருக்க இரும்பைப் பிடிச்சு வச்சுக்கும், உடம்புக்குப் போக விடாது. சாப்பாட்டுக்கு முன்னாடி பின்னாடி ஒரு மணி நேரம் விட்டுட்டுக் குடிங்க. அதே கீரையில எலுமிச்சை பிழிஞ்சாலோ, கூட ஒரு நெல்லிக்காய் துண்டு கடிச்சாலோ வைட்டமின் சி இரும்பை உள்ள சேக்க உதவும். எங்க குரூப்ல ஒரு அக்கா வருஷக் கணக்கா முருங்கைக்கீரை சாப்பிட்டாங்க, ஹீமோகுளோபின் 9ஐத் தாண்டல. அப்புறம் டாக்டர்கிட்ட போனா மாதவிடாய்ல அதிகமா ரத்தம் போறது, கர்ப்பப்பையில கட்டி. அதை சரி பண்ணி இரும்பு மாத்திரையும் எடுத்தப்புறம்தான் ஏறுச்சு. தேசிய குடும்பநல ஆய்வுல தமிழ்நாட்டுல 15லேர்ந்து 49 வயசு பெண்கள்ல பாதிப் பேருக்கு மேல ரத்தசோகை, 53 சதவீதம். களைப்பா இருக்குன்னு சொல்ற பொண்ணை சோம்பேறின்னு சொல்லாதீங்க, ஒரு ரத்தப் பரிசோதனை எடுக்கக் கூட்டிட்டுப் போங்க. கீரையால மட்டும் எல்லாத்தையும் சரி பண்ணிட முடியாது.

பத்தாயிரம் அடி நடந்தே ஆகணுமா?

அந்த எண் 1965ல ஜப்பான்ல ஒரு கம்பெனி வித்த அடி எண்ணுற கருவியோட பேர்லேர்ந்து வந்தது, மருத்துவக் கணக்கு இல்ல. மூவாயிரம் நடக்குறவங்க ஆறாயிரம் நடந்தாலே உடம்புல தெரியும். உலக சுகாதார நிறுவனம் கேக்குறது வாரத்துக்கு 150 நிமிஷம், அதுவும் பேச முடியணும் ஆனா பாட முடியாத அளவு வேகத்துல. தமிழ்நாடு அரசு 2023 நவம்பர்ல எல்லா மாவட்டத்துலயும் 8 கிலோமீட்டர் நடைபாதை ஒண்ணு அடையாளம் காட்டி வச்சுச்சு, உங்க ஊர்ல எங்க இருக்குன்னு விசாரிச்சுப் பாருங்க.

காலையில முடியாதவங்க சாப்பிட்டப்புறம் பத்து பதினஞ்சு நிமிஷம் நடங்க. எனக்கு அதிகமா உதவினது இதுதான். சாப்பிட்டதும் ரத்தத்துல ஏறுற சர்க்கரையை கால் தசை நேரா எடுத்துக்கும். வீட்டுலயே சுகர் மெஷின் வச்சு ஒரு வாரம் பாத்தேன், அதே இட்லி அதே அளவு, சாப்பிட்டு டிவி முன்னாடி உக்காந்த நாளுக்கும் மொட்டைமாடியில நடந்த நாளுக்கும் முப்பது பாயின்ட் வரைக்கும் வித்தியாசம் இருந்துச்சு. இன்சுலின் போடுறவங்க, கிளிமிபிரைடு மாதிரி சுகர் மாத்திரை சாப்பிடுறவங்க வெறும் வயித்துல ரொம்ப தூரம் நடக்காதீங்க, சுகர் இறங்கி மயக்கம் வரும், பையில ரெண்டு மிட்டாய் வச்சுக்கங்க.

வாக்கிங் போறேனே, அது போதாதா?

போதாது, இதை நான் லேட்டாத்தான் புரிஞ்சுக்கிட்டேன். முப்பது வயசுக்கு மேல தசை கொஞ்சம் கொஞ்சமா கரையும், நடை அதைத் தடுக்காது. வாரத்துல ரெண்டு நாளாவது தசைக்கு பாரம் குடுக்கணும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது.

எங்க அம்மாவுக்கு 70 வயசு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு விசேஷ வீட்டுல எல்லாரோடயும் ஜமுக்காளத்துல உக்காந்துட்டாங்க, எந்திரிக்க முடியல. முட்டியை ஊனி, கையை ஊனி, மறுபடி உக்காந்து, கடைசில ரெண்டு பேர் கக்கத்துல கை குடுத்து தூக்கினோம். அன்னிக்கு அம்மா முகம் எனக்கு மறக்கல. அடுத்த நாள்லேர்ந்து சமையக்கட்டு மர நாற்காலியை செவுத்துல சாத்திப் போட்டு உக்காந்து எந்திரிக்க வச்சேன், கை ரெண்டையும் நெஞ்சுல கட்டிக்கிட்டு. முதல் நாள் மூணு தடவைதான் முடிஞ்சுது, அதுவும் கடைசி தடவை மேசையைப் பிடிச்சுக்கிட்டாங்க. நாற்காலி மேல ரெண்டு தலகாணி போட்டு உயரமாக்கினேன், அப்ப எட்டு தடவை வந்துச்சு. மூணு வாரத்துல ஒரு தலகாணியை எடுத்தேன், ரெண்டு மாசத்துல ரெண்டாவதையும் எடுத்தாச்சு. கூட ஒரு முட்டையும் தயிரும் தினம் சேத்தோம். அஞ்சு மாசம் கழிச்சு ஒரு கைய மட்டும் தரையில ஊனி தானா எந்திரிச்சாங்க, எந்திரிச்சுட்டு மறுபடி உக்காந்து இன்னொரு தடவை எந்திரிச்சுக் காமிச்சாங்க.

வீட்டுல செய்ய இது போதும்: நாற்காலியில உக்காந்து எந்திரிக்கிறது பத்து தடவை, செவுத்துல கை ஊனி தண்டால் பத்து, குதிகாலைத் தூக்கி நிக்கிறது பதினஞ்சு, ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் ஒவ்வொரு கையிலயும் ஒண்ணு பிடிச்சு முழங்கையை மடக்கி நீட்டுறது. மூணு சுத்து, இருபது நிமிஷம், ஒரு நாள் விட்டு ஒரு நாள். சுலபமா இருந்தா பாரத்தைக் கூட்டுங்க. முட்டி வலின்னா தசை பலம் வந்தாதான் பல பேருக்கு வலி குறையும், ஆனா வீக்கம் இருந்தாலோ கூரா குத்தினாலோ முதல்ல டாக்டரைப் பாருங்க. பொண்ணுங்க பாரம் தூக்கினா ஆம்பள மாதிரி ஆயிடுவாங்கன்னு சொல்றதை நம்பாதீங்க. தலையில இடுப்புல குடம் குடமா தண்ணி தூக்கின பாட்டிங்க எல்லாம் எப்படி இருந்தாங்க, அதை நெனச்சுப் பாருங்க.

வீட்டு வேலையே அவ்ளோ இருக்கு, அது எக்சர்சைஸ் இல்லையா?

நடமாட்டம்தான், நல்லதுதான். ஆனா ஒரே மாதிரி குனிஞ்சு நிமிர்ற வேலையால இடுப்பு வலிதான் மிஞ்சும். உங்களுக்குன்னு இருபது நிமிஷம் வேணும், அந்த நேரம் பாத்திரத்தை வீட்டுல வேற யாராவது தேய்க்கட்டும்.

ராத்திரி கடையை மூடிட்டு வரவே பத்து மணி ஆகுது, அப்புறம் சாப்பிட்டா கெடுதலா?

சாயங்காலம் ஆறரைக்கு சுண்டலோ ஒரு முட்டையோ ஒரு வாழைப்பழமோ சாப்பிட்டுடுங்க. பசியோட வந்தாதான் பத்து மணிக்கு பரோட்டா மேல கை போகும். வந்து லேசா ரெண்டு இட்லியோ ஒரு தோசையோ, காய் போட்ட பாசிப்பருப்போ. உடனே படுக்காம கொஞ்ச நேரம் நடங்க.

வீட்டுல யாரும் ஒத்துக்க மாட்டேங்குறாங்க, தனித்தனியா சமைக்கணுமா?

தனியா சமைச்சா ஒரு மாசத்துல அலுத்துடும், அதுவும் சமைக்கிறவங்கதான் சாகணும். ஒரே சமையல், தட்டுல அளவு மட்டும் வேற வேற. சொல்லிட்டுச் செஞ்சா சண்டை வரும். நான் உப்பையும் எண்ணெயையும் வாரா வாரம் கொஞ்சமா குறைச்சேன், ஆறு வாரம் யாரும் எதுவும் கேக்கல. பொரியலை சின்ன கிண்ணத்துலேர்ந்து பெரிய பாத்திரத்துக்கு மாத்தி மேசை நடுவுல வச்சு சோத்துப் பாத்திரத்தை அடுப்படியிலயே விட்டுட்டேன், ரெண்டாவது தடவை வேணும்னா எந்திரிச்சுப் போகணும். ஞாயித்துக்கிழமை பிரியாணி உண்டு, கூட வெங்காயம் வெள்ளரி போட்ட பச்சடி பெரிய கிண்ணம். குழந்தைங்களை சாப்பாட்டு மேசையில எடையைச் சொல்லி கிண்டல் பண்ணாதீங்க, கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்குறேன், அந்த வார்த்தை வயசான பிறகும் போகாது.

என்ன டெஸ்ட் எடுக்கணும்?

முப்பது தாண்டினா வருஷத்துக்கு ஒரு தடவை பிபி, சுகர். குடும்பத்துல யாருக்காவது இருந்தா ஹெச்பிஏ1சி, கொலஸ்ட்ராலும் சேத்து. பெண்கள் ஹீமோகுளோபின் பாத்துக்கங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல பிபி சுகர் காசில்லாமப் பாப்பாங்க, 2021லேர்ந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து பாத்து மாத்திரையும் குடுக்குறாங்க. மாத்திரை ஆரம்பிச்சவங்க நடையால அளவு குறைஞ்சுதுன்னு தானா நிறுத்தாதீங்க, ரிப்போர்ட்டை எடுத்துட்டுப் போய் டாக்டர்கிட்ட காமிச்சு அவர் குறைக்கட்டும். வெறும் வயித்து சுகர் பாக்கப் போறவங்க முந்தின நாள் ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம் எட்டு மணி நேரம் விடணும், காபியும் கூடாது, வெறும் தண்ணி குடிக்கலாம்.